மேடையில் ஆடாத நாற்காலி

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் வரைந்து பிழைத்தவள் செண்பகவல்லி. வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் கார் பந்தய கேம் ஆடுவாள். ஒருநாள் கேம், ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் காவல் சாஃப்ட்வேரைப் போட்டால்தான் ஓடுவேன் என்றது. போட்டாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் எதையோ துழாவிக்கொண்டே இருந்தது.

"அப்படி என்னதான் தேடுது?" என்று கேம் கம்பெனி முதலாளி ஜெயசிம்மனுக்கு எழுதிக் கேட்டாள்.

"எங்கள் காவல் யாருடைய ஃபைலையும் திறக்காது. திறக்கிறது என்றால், மதுரையில் நடக்கும் எங்கள் கேம் இறுதிப் போட்டியில் எல்லார் முன்னாலும் நிரூபியுங்கள். முடியாவிட்டால் இனி ஆடவே விடமாட்டோம்" என்று சுடச்சுடப் பதில் வந்தது.

சாஃப்ட்வேர் எழுதத் தெரியாதவள் எதை நிரூபிப்பாள்? ஆனாலும் மதுரைக்குப் போனாள்.

ஜெயசிம்மன் மாலையோடு மேடையேறினார். நடு நாற்காலியைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"இது வேண்டாம், வேற போடுங்க. கால் ஆடும்."

செண்பகவல்லி ஏறிப் போய் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி அசையவில்லை.

"ஆடும்னு யார் சார் சொன்னது? 'மதுரைத் திட்டம்'னு என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல். மேடை நடு நாற்காலிக்குக் கால் ஆடும்னு அதுல மட்டும்தான் எழுதி வச்சேன். யாருக்கும் அனுப்பலையே!"

அரங்கமே அவரைப் பார்த்தது. ஜெயசிம்மனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஃபைல்ல பொய் எழுதலாமாம்மா?"

"என் ஃபைல்ல நான் என்ன வேணா எழுதுவேன். நீங்க ஏன் சார் படிச்சீங்க?"

அன்று மாலையே காவல் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டார்கள்.