நெய்யின் வேலை

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்து நான்கு.

குருவின் பெயர் நித்திலா. ஓசூர்ப் பக்கம் பிறந்தவர். கணவருக்கு வேலை மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தவர். பால், தயிர், நெய் எதுவும் சேர்க்காமல் நம் வீட்டுச் சாப்பாட்டைச் சமைக்கும் விதத்தைத் தன் வீட்டு அடுப்படியிலேயே நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார். வீகன் சமையல் என்று வெளியே ஒரு சின்னப் பலகை தொங்கியது. அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பல சமயம் ஒரு கரண்டியைத்தான் நீட்டுவார்.

சீடரின் பெயர் ஆவுடையப்பன். ஊருக்குத் தெரிந்த மனிதர். ஆவுடையப்பன் மெஸ் என்றால் நெய்ப் பொங்கல். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் சில வருடங்களுக்கு முன்பு மெஸ்ஸை மூடிவிட்டார். இன்னமும் கடைத்தெருவில் யாராவது மறித்து, "அந்தப் பொங்கல் மாதிரி வராது அண்ணாச்சி" என்பார்கள். அவர் நடை கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டீச்சர், எனக்கு எல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு தெரியணும். நெய் ஊத்தாம நெய் வாசனை வர வழி இருக்கா?"

"யாருக்கு, ஐயா?"

"வீட்டுக்காரிக்கு."

நித்திலா அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். ஆவுடையப்பன் சொன்னார்.

அவருடைய மனைவி பிரமநாயகி போன வருடம் பால் ஊற்றுகிறவரின் தொழுவத்துக்கு ஏதோ காரியமாகப் போயிருக்கிறாள். அங்கே செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டே இருந்ததாம். மடி சுரந்ததாம். பிரமநாயகி காலிச் செம்போடு வீட்டுக்கு வந்தாள். அன்றோடு பாலை விட்டாள். தயிரை விட்டாள். நெய்யையும் விட்டாள்.

"விட்டுட்டுப் போகட்டும்னு நான் இருந்திருக்கணும்," என்றார் ஆவுடையப்பன். "இருக்கலை. நெய் வேண்டாம்னா என் கையே வேண்டாம்னுதானே அர்த்தம்னு கேட்டுட்டேன். அவ பதில் சொல்லலை. மறுநாள்லேர்ந்து தனியா ஒரு கஞ்சி வச்சுக்கிட்டா. ஒரே அடுப்புல அவளுக்கு ஒரு உலை, எனக்கு ஒரு உலை. ஊர் பூராவும் என் பொங்கலைத் தின்னுச்சு. என் வீட்டுல நான் மட்டும் தின்னுக்கிட்டு இருக்கேன்."

"வாங்க," என்றார் நித்திலா.

அவர் வரத் தொடங்கினார். நிலக்கடலைப் பாலைப் புளிக்கவைத்துத் தயிராக்கக் கற்றுக்கொண்டார். முந்திரியை ஊறவைத்து அரைத்துக் குருமாவுக்குச் சேர்த்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுப் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தார். கூடப் படித்த பெண்கள், "தாத்தா கையில எல்லாம் சட்டுன்னு வருது" என்றார்கள். அது எதிலும் அவருக்கு மனம் நிற்கவில்லை. நெய்தான் நெஞ்சில் நின்றது.

ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து சின்னக் குப்பி ஒன்று வாங்கிவந்தார். நெய் வாசனை எசன்ஸ். பாலிலிருந்து எடுத்தது இல்லை என்று குப்பியிலேயே போட்டிருந்தது. பொங்கலில் கடலை எண்ணெய் ஊற்றி, மேலே நாலு சொட்டு விட்டுக் கிளறினார். வீடு முழுக்க நெய் மணத்தது. மாடி வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

ஆவுடையப்பனின் முகம் மலர்ந்திருந்தது. "எப்படி இருக்கு, டீச்சர்?"

நித்திலா முகர்ந்து பார்த்தார். சாப்பிடவில்லை.

"வீட்டுல குடுத்துப் பாருங்க, ஐயா."

மறுநாள் அவர் வந்தபோது வகுப்பு முடியும் நேரம். எல்லாரும் போகும்வரை வாசலிலேயே நின்றார்.

"இலையைப் போட்டு உக்கார வச்சேன். ஒரு கரண்டி வச்சேன். மூக்குக்கு வாசனை போனதுமே எந்திரிச்சுட்டா. நெய் ஒரு சொட்டு இல்லைன்னு சொன்னேன். நம்பலை. இத்தனை வருஷம் அந்த வாசனையில கெடந்தவட்ட பொய் சொல்லுதீங்களேன்னா. குப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். வாங்கிப் படிச்சா. அப்பவும் உக்காரலை." அவர் குரல் உயர்ந்தது. "அச்சு அசலா வந்துச்சு, டீச்சர். அதனாலயே அவ தின்னலை. உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்லா? ஏன் தடுக்கலை?"

"அந்த வைக்கோல் கன்னும் அச்சு அசலா இருந்திருக்கும்."

நித்திலா வாசலுக்கு வந்து நின்றார்.

"அதைப் பார்த்துட்டு வந்தவங்க முன்னால நீங்க எதைக் கொண்டுபோய் நிறுத்தினீங்க?"

ஆவுடையப்பன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஒரு ஆட்டோ நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போனது.

"அப்ப நான் என்னத்தைச் செய்ய?" என்றார்.

நித்திலா அவரை உள்ளே அழைத்தார். மேடையில் பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் எடுத்து வைத்தார். எண்ணெய் வைக்கவில்லை.

"பொங்கல் வைங்க."

"எதுல தாளிக்க?"

"ஒண்ணுலயும் வேண்டாம்."

அவர் வைத்தார். பொங்கல் இறுகிப்போய்க் கரண்டியில் அப்பிக்கொண்டது. மிளகு கடிபட்ட இடத்தில் மட்டும் காரமாக இருந்தது, மற்ற இடம் சப்பென்று இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இது மருந்து, டீச்சர். பொங்கல் இல்லை."

"என்ன இல்லை?"

"நெய் இல்லை."

"நெய் இருந்தா என்ன பண்ணியிருக்கும்? எனக்குச் சொல்லுங்க. நான் நெய் காய்ச்சினவ இல்லை."

ஆவுடையப்பன் சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். மிளகின் காரம் நாக்கில் நிற்கக் கூடாது, தொண்டைக்கு இறங்கியபிறகுதான் தெரிய வேண்டும். அதை அங்கே கொண்டுபோவது நெய். அரிசியும் பருப்பும் குழைந்த பிறகும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பிரித்து வைப்பது நெய். ஆறினாலும் கல்லாகாமல் பார்த்துக்கொள்வது நெய். கடைசிக் கவளம் வரைக்கும் மினுமினுப்பைப் பிடித்து வைத்திருப்பது நெய். சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது.

நித்திலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மெஸ்ஸுல ரொம்ப நாள் இருந்த ஆள் ஒருத்தர் வேலையை விட்டு நின்னுட்டா என்ன பண்ணுவீங்க, ஐயா?"

"வேற ஆளைப் பிடிப்பேன்."

"எப்படிப்பட்ட ஆளை? நின்னுபோனவர் முக ஜாடை உள்ளவரையா?"

"முகத்தை வச்சு என்ன செய்ய? வேலை தெரியணும்."

சொன்னபிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். நித்திலா அதற்குள் பாத்திரங்களைக் கழுவப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. தன் வீட்டு அடுப்பிலேயே நின்றார். நல்லெண்ணெய் பொங்கலை அமுக்கியது. கடலை எண்ணெய் மிளகை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய் தனியாக நின்று மணத்தது. பிரமநாயகி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஒரு காலை அவர் முற்றின தேங்காயாகப் பார்த்து உடைத்தார். துருவி, அரைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாகப் பால் பிழிந்தார். உருளியில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். பால் கொதித்தது, திரிந்தது, சடசடவென்று பேசத் தொடங்கியது. அவர் கிண்டிக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டார். வெண்ணெயை உருக்கும்போது கேட்ட அதே சத்தம்தான். தண்ணீர் இருக்கும்வரை பேசும். தண்ணீர் வற்றினால் அடங்கும். அடங்குகிற அந்த நேரத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காது அவரிடம் இருந்தது.

அடுப்படி வாசலில் பிரமநாயகி வந்து நின்றாள்.

"என்ன காய்ச்சுதீங்க?"

"தேங்காப்பால்."

"அடி பிடிச்சிரும்."

"பிடிக்காது. சத்தம் இன்னும் அடங்கலை பாரு."

அவள் பக்கத்தில் வந்தாள். இருவரும் உருளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் மெல்ல இறங்கியது. அடியில் சக்கை பொன்னிறமாகத் திரண்டது, மேலே எண்ணெய் தெளிந்தது. அவர் கையை நீட்டினார். கேட்காமலே அவள் ஆய வைத்திருந்த கீரையிலிருந்து ஒரு கொத்து முருங்கை இலையை உருவிக் கொடுத்தாள். போட்டார். ஒரு பொரி பொரிந்து அடங்கியது. அடுப்பை அணைத்தார்.

எழுந்த மணம் நெய் மணம் இல்லை. தேங்காய் எண்ணெய் மணமும் இல்லை. வறுத்த கொட்டையும் பாகும் கலந்த மாதிரி ஒன்று.

பிரமநாயகி அடிச்சக்கையில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். மறுபடியும் எடுத்தாள்.

"சக்கையையே தின்னு தீர்த்திராத," என்றார்.

"நீங்க பொங்கலை வைங்க."

பருப்பை வழக்கத்தைவிட ஒரு பிடி கூடப் போட்டார். முந்திரி கொஞ்சத்தை அரைத்துச் சேர்த்தார், மீதியை வறுத்தார். மிளகைப் பாதி முழுசாகவும் பாதி ஒன்றிரண்டாகவும் உடைத்து அந்த எண்ணெயில் பொரித்தார். எல்லாம் அவள் பார்க்கப் பார்க்க நடந்தது. மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவளே இலையைப் போட்டாள். ஒன்றல்ல, இரண்டு.

அவர் தன் இலையைத் தொடாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கவளத்தை அவள் மெதுவாக மென்றாள். விழுங்கிய பிறகு ஒரு நொடி நிறுத்தினாள். காரம் தொண்டைக்கு இறங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவளிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"எப்படி இருக்கு?"

"பழசு மாதிரி இல்லை."

அவர் குனிந்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க," என்றாள்.

வைத்தார். அதையும் சாப்பிட்டாள். மூன்றாவது தடவை அவளே போட்டுக்கொண்டாள். கை கழுவிய பிறகு ஒரு கிண்ணத்தில் பொங்கலை எடுத்து மூடி, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. ஒரு வருடமாக அந்தக் குரலில் அவர் கேட்காத ஒரு மிடுக்கு.

"நெய் ஒரு சொட்டு இல்லை. பாலும் இல்லை. எங்க வீட்டுல அவுங்க காய்ச்சின எண்ணெய். நீங்க எந்தக் கடையில தேடினாலும் கிடைக்காது."

அன்று மதியமே ஆவுடையப்பன் தூக்குவாளியோடு நித்திலா வீட்டுக்கு நடந்தார். முழங்காலுக்காக ஆட்டோ பிடிக்கிறவர் அன்று பிடிக்கவில்லை. வழியில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "வாளியில என்ன அண்ணாச்சி, பொங்கலா? நெய் வாசனையே இல்லையே?" என்றார்.

"நெய் வேலையை விட்டு நின்னுட்டுது," என்றார் ஆவுடையப்பன். நிற்காமல் நடந்தார்.

நித்திலா வாளியை வாங்கித் திறந்து பொங்கலை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆவுடையப்பனும் எதிரே உட்கார்ந்தார். தேங்காய்ப்பால், உருளி, சத்தம், முருங்கை இலை எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டில் மனைவி பேசியதை இரண்டு தடவை சொன்னார். பிறகு அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"ஆனா பழசு மாதிரி இல்லைன்னுட்டா, டீச்சர். முதல் வாயிலயே சொல்லிட்டா. அவ பொய் சொல்ல மாட்டா. மூணு தடவை வாங்கித் தின்னவளும் அவதான். நான் பெருமைப்படவா, வருத்தப்படவான்னு விளங்கலை. நீங்களாவது தின்னு பார்த்து நெசத்தைச் சொல்லுங்க. ஆவுடையப்பன் பொங்கல் மாதிரி இருக்கா, இல்லையா?"

நித்திலா சாப்பிட்டார். அவசரப்படவில்லை. தட்டில் இருந்ததை முடித்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த மிளகையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்க மெஸ்ஸுல நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, ஐயா," என்றார். "ஆவுடையப்பன் பொங்கல்னா எனக்கு இதுதான்."