கஸ்பாரின் பூட்டன் கட்டிய கோபுரம்

மணற்கரை மாதா கோயிலில் ஒரு வழக்கம். திருவிழாக் கொடி ஏறும்போது முதலில் கயிற்றைப் பிடிப்பது, அந்தக் கூர்கோபுரத்தைக் கட்டிய தலைமைக் கொத்தனாரின் வம்சத்தார்தான். அந்த வம்சம் எதுவென்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. எழுதி வைத்த ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பங்குச்சாமி விசாரித்ததும் கஸ்பார் எழுந்துவிட்டார். இருபது வருஷமாக அவருக்கு அந்தக் கயிற்றின்மேல் ஆசை.

“என் பூட்டன் கட்டினது சாமி. வெள்ளைக்காரச் சாமி வளைவை வட்டமாத்தான் கேட்டாரு. பூட்டன் ரெண்டு கையையும் கூப்பிக் காட்டி, ‘கும்பிடுத கோயிலு கும்பிடுத மாதிரியே இருக்கட்டும்’னாரு. அதான் வாசலு, ஜன்னலு எல்லாம் மேல கூரா இருக்கு.”

பின்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் கஸ்பாரின் நாக்கு நிற்காது.

“சுண்ணாம்புக்கு முட்டை வெள்ளைக்கரு ஊத்தினாரு பாருங்க, மூணு வருஷம் இந்தச் சீமையில ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கல.”

“அப்புறம் கோழி எங்கேருந்து வே வந்துச்சு?” என்றார் வலைக்கார மிக்கேல்.

“கப்பல்ல வந்துச்சு. கண்ணாடி ஜன்னலு பதிச்ச அன்னைக்கு நீல வெளிச்சத்துல நின்ன வெள்ளாடு நீலமாயிட்டு. பொம்பளைங்க சேலையக் கொண்டாந்து சாயம் ஏத்திட்டுப் போனாங்க.”

சாமி தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. கஸ்பாருக்குக் கயிறு கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது. சந்தோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சிலுவை வைக்க உச்சிக்கு ஏறும்போது பூட்டனுக்கு மீசை கருகருன்னு இருந்துச்சு. இறங்கும்போது பஞ்சா நரைச்சுட்டு.”

“அப்போ கலியாணம் எப்போ வே நடந்துச்சு?” என்றார் மிக்கேல்.

“பாதி வழியில, மணி தொங்குத மாடத்துல நடந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க ஏறி வந்தாங்க. இன்னொண்ணு கேளும். உச்சியில பூசும்போது சாந்து பூசுத கரணை கை நழுவிட்டு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் தரைக்கு வந்து சேரல.”

கடைசிப் பெஞ்சிலிருந்து மீன்காரி பிலோமி எழுந்தாள்.

“வந்து சேர்ந்துட்டு அண்ணாச்சி. போன செவ்வாக்கிழமை எங்க கூரையப் பொத்துக்கிட்டு விழுந்துச்சு. கைப்பிடியில எங்க பூட்டன் பேரு வெட்டியிருக்கு.”

கஸ்பார் வாயைத் திறந்தார். பொய் என்று சொன்னால் தன் கரணைக் கதையோடு தன் பூட்டனும் போய்விடுவார். மூடிக்கொண்டார்.

“பிலோமி, வியாழக்கிழமை அஞ்சு மணிக்குக் கொடி. நேரத்துக்கு வந்துரு,” என்றார் சாமி. “கஸ்பாரு, நீரும் கொத்தனார் வம்சமுல்லா. அந்தக் கூரை ஓட்டைய அடைச்சுக் குடும்.”