நாட்டாமை விராலும் மூன்று தட்டும்

கோடை வந்தால் அந்த ஏரி இரண்டு துண்டாகிவிடும். தெற்கே ஆழமான மடு, வடக்கே கோரை மண்டிய பள்ளம், நடுவில் ஒரு குறுகலான ஓடை. ஓடை வற்றிவிட்டால் பள்ளத்தில் இருப்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் கொக்குகளுக்குக் கொண்டாட்டம்.

நாட்டாமை விராலின் பெண்சாதி தன் குஞ்சுகளோடு அந்தப் பள்ளத்தில்தான் இருந்தாள். குஞ்சுகள் தின்னும் பூச்சி அங்கேதான் கிடைத்தது. தண்ணீரோ ஒரே கலங்கல். ஓடை எப்போது வற்றும் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க முடியாது. மடுவில் இருந்த நாட்டாமை, கெளுத்தி மீன் குப்பாச்சியைக் கூப்பிட்டு, கடைசி நேரத்தில் சேதி சொல்ல ஒரு வழி பண்ணச் சொன்னார்.

குப்பாச்சிக்குச் சத்தத்தைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் அவளைப் பேச விட்டால்தானே! தவளையைக் கத்தச் சொல்லலாம் என்றது கெண்டைக் கூட்டம். கரையில் கத்துவது தண்ணீருக்குள் பாதிகூட வந்து சேராது என்று அவள் சொல்லிச் சொல்லி, தண்ணீரில் இருந்துகொண்டே தொண்டை வறண்டு போனாள்.

கடைசியில் நண்டு பிச்சமுத்துவை ஏற்பாடு செய்தாள். ஓடை மடுவோடு சேரும் இடத்துப் பாறையின் அடியில் அவன் ஒரு வளை தோண்டினான். தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் ஆபத்தோ, சரியாக அந்த மட்டத்தில் வளையின் வாய். உள்ளே அவன் தூங்க வேண்டும். தண்ணீர் இறங்கி, வளை வாயில் வெங்காற்று பட்டால் தானாக விழிப்பு வரும். உடனே பாறையில் கொடுக்கால் ஓங்கி மூன்று தட்டு. மடுவுக்கும் கேட்கும், பள்ளத்துக்கும் கேட்கும்.

"அதுவரை அசையவே கூடாது பிச்சமுத்து. ஓடையில் தீனி கிடையாது. உன் உடம்பில் இருக்கிற வலுதான் நமக்கு மிச்சம்" என்றாள்.

"தூங்கறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே அவன் உள்ளே போனான்.

ஏற்பாடு அருமையாகத்தான் இருந்தது. நாட்டாமைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பெற்ற மனசு, பாவம், பதைக்கத்தான் செய்யும். அதற்காக இப்படியா? விடிந்ததும் வாலால் தண்ணீரை அடித்து "நலமா?" என்று விசாரித்தார். பிச்சமுத்து எழுந்து "நலம்" என்று ஒரு தட்டு தட்டினான். சேதி வந்ததற்கு அடையாளமாக இவர் மறுபடி வாலை அடித்தார். வெயில் ஏறியதும் இன்னொரு தரம். கெண்டை ஏதாவது பயமுறுத்தினால் அப்போது இன்னொரு தரம்.

குப்பாச்சி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சேதி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம், அவனைத் தூங்க விடுங்கள் என்று கெஞ்சினாள். "உனக்கென்ன, அங்கே இருப்பது என் பிள்ளைகள்" என்று நாட்டாமை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிச்சமுத்துவின் தட்டு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. வயிற்றெரிச்சலோடு அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் நாட்டாமை விசாரித்தார். பதில் இல்லை. இன்னும் பலமாக வாலை அடித்தார். அதற்கும் இல்லை. கெண்டைக் கூட்டமும் சேர்ந்துகொண்டு வாலை அடிக்க, மடுவே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே குப்பாச்சியின் மீசை முனையில் ஏதோ லேசாக உறுத்தியது.

அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது. "எல்லாரும் சும்மா இருந்து தொலைங்க!" என்று நாட்டாமையின் முகத்துக்கு நேரே கத்தினாள்.

மடு அடங்கியது. அப்போதுதான் கேட்டது. நகத்தால் சுரண்டுவது போன்ற சன்னமான சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று.

குப்பாச்சியும் நாட்டாமையும் பாய்ந்தார்கள். ஓடையில் வயிறு சேற்றில் உரசும் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. அவ்வளவு சன்னமான தட்டு பள்ளத்துக்குப் போயே சேரவில்லை. தாய் ஒன்றும் தெரியாமல் கோரைக்குள் இருந்தாள். இவர்கள் போய்க் கூப்பிட்டதும் அவளும் பாதிக் குஞ்சுகளும் வழுக்கி வழுக்கி இந்தப் பக்கம் வந்தார்கள். மீதிக் குஞ்சுகள் வருவதற்குள் ஓடை சேறாகிவிட்டது. கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின.

நாட்டாமை சீறிக்கொண்டு நண்டின் பாறைக்கு வந்தார். பிச்சமுத்துவால் கொடுக்கைத் தூக்கக்கூட முடியவில்லை.

"காற்று பட்டதுமே தட்டினேன் நாட்டாமை. எனக்கு இவ்வளவு சத்தம்தான் வந்தது. அப்பவும் நீங்க நலம் விசாரிச்சுக்கிட்டே இருந்தீங்க" என்றான்.

நாட்டாமை வாலை மடக்கிக்கொண்டு ஒதுங்கினார். குப்பாச்சி ஒரு கவளம் பாசியைக் கொண்டுவந்து நண்டின் வாயில் ஊட்டினாள்.

ஆபத்தில் குரல் கொடுக்க வேண்டியவனை ஓயாமல் விசாரித்தே ஓய வைத்தால், ஆபத்து வரும்போது அவனிடம் குரலும் இருக்காது, அதைக் கேட்க நமக்குக் காதும் இருக்காது.