சராசரிக் கோடு

பிரகாசியின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே பன்னிரண்டு அடி மணல்தான் மிச்சம் இருந்தது. அங்கே கல்சுவர் வேண்டுமா என்று பார்க்க வந்த பொறியாளர், அவளையே தண்ணீரில் இறங்கி அளவுகோலைப் பிடிக்கச் சொன்னார். அலையின் உச்சியைக் குறித்தார். பள்ளத்தைக் குறித்தார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார்.

"ஏறினதும் இறங்கினதும் சரியாப் போச்சு. சராசரி பாத்தா தண்ணி ஏறவே இல்ல. சுவர் தேவையில்ல" என்று மணலில் ஒரு குச்சியை நட்டார். "இதைத் தாண்டாது. சாட்சிக் கையெழுத்துப் போடும்மா."

"போடுதேன் சார். குச்சிக்கு இந்தப் பக்கமா, வீட்டுப் பக்கமா உங்க பெட்டிய வையுங்க. நான் கணக்குத் தெரியாதவ, கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

அவர் சிரித்துக்கொண்டே தோல்பெட்டியை வைத்தார். பிரகாசி பேனாவைத் திறக்காமல் அலைகளை எண்ணினாள். தூரத்திலிருந்து வரும் பேரலையின் முதுகில் கரையோரக் காற்று எழுப்பும் சிற்றலை எப்போது ஏறும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பதினோராவது அலை குச்சியையும் பெட்டியையும் சேர்த்து இழுத்துப் போனது.

"என் பெட்டி எங்க?"

"சராசரி பாத்தா இங்கனதான் இருக்கு சார்."

கரையே சிரித்தது. அவர் நனைந்த காலோடு ஜீப்பில் ஏறினார். அலுவலகத்தில் அதே கணக்கை மறுபடி எழுதினார். சாட்சி இல்லாமலே அது செல்லுபடியானது.

ஆடியில் வீடு கடலோடு போயிற்று. அவருடைய வரைபடத்தில் மட்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம், நனையாமல் நிற்கிறது.