நிற்காத கச்சேரி

எல்லாக் குளத்திலும் தவளைகள் கத்தும். ஆலடிக் குளத்தில் மட்டும் பாடும். அப்படித்தான் அந்தத் தவளைகளே சொல்லிக்கொண்டன. நாமும் வம்பு பண்ணாமல் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்தப் பாட்டுக் குழுவுக்குத் தலைவி வேம்பி. நல்ல கனத்த குரல். பொழுது சாயும் நேரத்தில் அவள் ஆரம்பித்தால் கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்துவிடும், நண்டுகள் வளையை விட்டு எட்டிப் பார்க்கும். மற்ற தவளைகளின் குட்டிகள் தாமரை இலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அவர்கள் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாடகர்கள் ஒரே இடத்தில் உட்கார மாட்டார்கள். கரையைச் சுற்றிப் பரவலாக உட்காருவார்கள். பாம்போ பறவையோ எந்தப் பக்கம் நெருங்குகிறதோ, அந்தப் பக்கத்துப் பாடகர் சட்டென்று வாயை மூடுவார். உடனே எல்லாரும் மூடிவிடுவார்கள். பாட்டு நின்றதும் மீன்கள் ஆழத்துக்குப் போகும், நண்டுகள் வளைக்குள் போகும், குட்டிகள் இலைக்கு அடியில் பதுங்கும். பாட்டு கேட்கிற வரைக்கும் பயமில்லை, நின்றால் ஓடு. அந்தக் குளத்தில் பிறக்கிற குட்டிக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

சரி, பாட்டு வயிற்றை நிரப்புமா? அந்தக் கோடையில் பூச்சி அற்றுப்போயிற்று. கேட்கிறவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். ஒரு கொசுவைக்கூட யாரும் கொண்டுவந்து தரவில்லை. பாடகர்கள் ஒவ்வொருவராக வயல் பக்கம் பிழைக்கக் கிளம்பினார்கள். வேம்பிக்கு ஒரே மகள், பொட்டு என்று பேர். வால் மறைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள் பசியில் சுருண்டு கிடப்பதைப் பார்க்கப் பார்க்க வேம்பிக்குப் பெற்ற வயிறு எரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து நாரையார் வந்தார். பெரிய கண்மாயில் மீன் தொழில் செய்து கொழுத்தவர். மரியாதையாகத் தள்ளியே நின்றார். இப்படிப்பட்ட கலை அழியலாமா, தொழிலில் தலையெடுத்த என்னைப் போன்றவர்கள் கைகொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள் என்று உருகினார். எருமைகள் படுக்கிற இடத்திலிருந்து தினமும் பூச்சி பிடித்துவந்து கொட்டுவதாகச் சொன்னார். நடுக்குளத்தில் விழுந்து கிடக்கும் பனைமரத்தைச் சுத்தம் பண்ணி மேடையாக்கித் தருவதாகவும் சொன்னார். பதிலுக்கு, பாடத் தொடங்கும்போது ‘நாரையார் வழங்கும் கச்சேரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். பாடகர் எவரையும் தொடமாட்டேன் என்று சத்தியமும் செய்தார்.

போகிற போக்கில் இன்னொன்றையும் போட்டுவைத்தார். “நடுவுல பொசுக்குன்னு பாட்டு அறுந்துபோகுதே, அது மட்டும் வேண்டாம்மா. நாலு பெரிய மனுசங்களைக் கூட்டிட்டு வருவேன். அவங்க முன்னாடி எனக்குத் தலைகுனிவாப் போயிரும்.”

கிழக்குக் கரையில் உட்காரும் மாடத்திக்கு இது பிடிக்கவில்லை. “நிறுத்துறதும் நம்ம பாட்டுதான், வேம்பி. அதைக் கொடுத்துட்டா நம்மகிட்ட மிச்சம் என்ன இருக்கு?”

“எம்மக பசியில துடிக்குறா. உன் பேச்சு அவளுக்குச் சோறு போடுமா?” என்று வேம்பி எரிந்து விழுந்தாள். மாடத்தி அன்றைக்கே வேறு குளம் பார்த்துப் போய்விட்டாள்.

மேடை வந்தது. கரை காலியாயிற்று. மிச்சமிருந்த பாடகர்கள் எல்லாரும் பனைமரத்தின் மேல் தோளோடு தோள் உட்கார்ந்து பாடினார்கள். பாட்டு அறுபடாமல் இருக்க வேம்பியே ஒரு ஏற்பாடும் செய்தாள். யாராவது தடுமாறி நிறுத்தினால், மற்றவர்கள் இன்னும் உரக்கப் பாடி அதை மூடிவிட வேண்டும். திரும்பத் திரும்பப் பாடவைத்துப் பழக்கினாள். நாரையார் பூச்சியைக் கொட்டினார். பொட்டு மினுமினுவென்று தேறி வந்தாள். வேம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய மனுசர் யாரும் வந்தபாடில்லை. நாரையார் மட்டும் தினமும் வந்து தாமரைகளுக்கு நடுவே நின்று கேட்டார். கேட்டுக்கொண்டே குனிந்து நிமிர்ந்தார். மேடையிலிருந்து வேம்பிக்கு அது நன்றாகவே தெரிந்தது. முதலில் கெண்டைக் குஞ்சுகள் குறைந்தன. மீன்தானே, நாரை பின்னே புல்லையா தின்னும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் நண்டுகள் குறைந்தன. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியின் குட்டிகளே போயின. அன்றைக்காவது நிறுத்தியிருக்கலாம், பாவி. நாரையார் சத்தியம் செய்திருக்கிறார், பாடகி மகளுக்கு ஒன்றும் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டு பாடினாள். சொல்லவே நாக்கூசுகிறது.

மறுநாள் மாலை பொட்டு ஓர் இலையில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு நீளக் கால்கள் சத்தமில்லாமல் வந்து நின்றன.

வேம்பி சட்டென்று வாயை மூடினாள்.

தலைவி தடுமாறிவிட்டாள் என்று குழு நினைத்தது. அவளே பழக்கிய பழக்கம் ஆயிற்றே, எல்லாரும் அடித்தொண்டையிலிருந்து இன்னும் உரக்கப் பாடினார்கள். “பொட்டு, ஓடு! ஓடும்மா!” என்று வேம்பி கதறினாள். அவள் கதறல் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. பாட்டுதான் நிற்கவில்லையே, பயமில்லை என்று பொட்டு நிம்மதியாகத் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலை ஆடும்போதே அலகு இறங்கியது.

பாட்டு முடிந்தபின் நாரையார் வாயைத் துடைத்துக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். வேம்பி தண்ணீரில் விழுந்து புரண்டு அழுதாள். சத்தியம் செய்தீரே என்று கேட்டாள்.

“பாடுறவங்களைத் தொடமாட்டேன்னு சொன்னேன்,” என்றார் நாரையார். “தொட்டேனா? உன் மக பாடலையே, கேட்டுக்கிட்டுல்ல இருந்தா.”

அதற்குப் பிறகு அவர் பூச்சி கொண்டுவரவில்லை. குளத்தில் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த ஊர்க் குளத்திலும் தவளைகள் நன்றாகப் பாடுகின்றன என்று கேள்விப்பட்டு அந்தப் பக்கம் பறந்துபோனார். ஆலடிக் குளத்து மேடை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து பாடினாலும் கேட்க அங்கே ஓர் உயிர் இல்லை.

உங்கள் கலைக்குக் கைகொடுக்கிறவரின் பெயரை ஊரறியச் சொல்லுங்கள், ஆனால் அந்தக் கலையை எப்போது நிறுத்துவது என்கிற உரிமையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.