மெர்சி நிறுத்திய இடம்

"ஒரு கட்டை தப்பாம அமுக்குதேன் டீச்சர். ஆனா மெர்சி வாசிச்ச மாதிரி இல்லியே" என்றார் ஜெபமணி.

அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பியானோ அவர் மனைவியுடையது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்த மெர்சி, போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் தினமும் சாயங்காலம் வாசித்த ஒரு சின்ன மெட்டை இன்னொரு தரம் கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டாம்.

சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வரும் ஷெர்லின் டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

"வாசிங்க ஐயா."

வாசித்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ துள்ளி ஆட எழுதிய மெட்டு அது. ஜெபமணியிடம் மாட்டிக்கொண்டு, மேடேறும் லோடு லாரியைப் போல முனகியது.

"பெடல்ல இருந்து காலை எடுங்க."

"எடுத்தா சத்தம் பட்டுனு செத்துருதே!"

"அந்தக் காலத்துப் பெட்டியில இப்படிப் பெடலே கிடையாது. விரலை எடுத்தா சத்தம் போயிரும். போகட்டும், விடுங்க."

மனசில்லாமல் காலை எடுத்தார். மெட்டு லேசாகித் துள்ளியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி வரிக்கு முன்னால் விரல்கள் நின்றன. அவர் கால் தன்னால் பெடலைத் தேடிப் போனது.

"இங்க நிறுத்தணும்னு எழுதலியே?"

"மெர்சி நிறுத்துவா. எப்பவும் இந்த இடத்துலதான்."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? திரும்பிப் பார்ப்பா."

"எதை?"

ஜெபமணி பின்னால் கிடந்த பிரம்பு நாற்காலியைக் காட்டினார். "நான் அங்கன பேப்பர் படிச்சிட்டு இருப்பேன். தலையைத் தூக்காமலே 'ம்'னு சொல்லுவேன். பொறவு மிச்சத்தை வாசிப்பா."

ஷெர்லின் எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள்.

"பாடம் முடியலியே டீச்சர்!"

"எனக்குத் தெரிஞ்சது முடிஞ்சிட்டு ஐயா. வாரேன்."

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. பாதியில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று ஜெபமணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே முதலில் இருந்து வாசித்தார். பெடலைத் தொடவில்லை.

அந்த இடம் வந்தது. நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

நாற்காலி கிடந்தது. இங்கிருந்து மெர்சி அவர் முகத்தை ஒரு நாளும் பார்த்திருக்க முடியாது. விரித்த பேப்பரைத்தான் பார்த்திருப்பாள்.

நாற்காலியைப் பார்த்தபடியே வெகுநேரம் காத்திருந்தார்.

பிறகு தலையை நன்றாகத் தூக்கிச் சொன்னார்.

"ம். வாசி மெர்சி."

விரல்கள் நகர்ந்தன.