கோபம், 96 சதவீதம்

மாசிலாமணி தம் மனைவி செண்பகத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது வாசற்படியில். கார்த்திகை மாதத்துக் காலை.

"குடை எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"வானம் வெளுத்துக் கிடக்கு. சும்மா இரேன்" என்று எரிந்து விழுந்தார். குனிந்து செருப்பை மாட்டினார். அவள் கையிலிருந்த தன் பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு அவள் இல்லை.

மூன்று வருடம் கழித்து அவர் ஒரு வலைக்கருவி செய்தார். முகநூல் பதிவை அதில் ஒட்டினால் எழுதியவரின் மனநிலையைச் சொல்லும். மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம்.

சொல்லிக்கொடுத்தவள் பர்வீன். சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் கணினி வகுப்பு எடுப்பவள். அவர் வயதில் பாதிதான். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்.

"வாங்க சார். இந்த வாரம் எதை உடைச்சீங்க?"

"உடைக்கலை டீச்சர். வேலை செய்யுது. அதான் சங்கடம்."

திரையைத் திருப்பிக் காட்டினார். அன்று அவர் கிளம்பிப் போனபின் செண்பகம் எழுதிய பதிவு.

"எங்க வீட்டு மகாராஜாவுக்கு அறுபது வயசாகியும் குடை எடுக்கத் தெரியலை. நனைஞ்சு சாகட்டும்."

அதன் கீழே கருவியின் தீர்ப்பு: கோபம், 96 சதவீதம்.

பர்வீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

"கோபத்தோடயே போயிட்டா டீச்சர். இது தெரியணும்னுதான் இவ்வளவும் படிச்சேன்."

"சாகட்டும்னு வந்தா கோபம்னு அதுக்குச் சொன்னது யாரு?"

"நான்தான். நாலாயிரம் பதிவு, ஒவ்வொண்ணா படிச்சுக் கைப்படக் குறிச்சேன்."

"நல்ல மாணவன். அப்படியே ஒப்பிக்குது."

"இந்த ஒரு வரிக்கு மட்டும் தீர்ப்பை மாத்திடவா?"

"வேண்டாம். அன்னைக்கு மழை பெஞ்சுதா?"

"கொட்டுச்சு. போன் வந்ததும் அந்த மழையிலதான் வீட்டுக்கு ஓடினேன்."

"நனைஞ்சீங்களா?"

"இல்லை. குடை..."

"நீங்கதான் எடுக்கலையே சார்."

"பையில இருந்துச்சு."

பர்வீன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

அவர் விசைப்பலகையை இழுத்து, மூன்று வருடமாகத் தான் பதில் எழுதாத அந்தப் பதிவின் கீழே எழுதினார்.

"நனையலை."

எழுந்து பர்வீனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஐயோ, எனக்கு எதுக்கு சார்?"

"அவளுக்கு நன்றி சொல்ல விட்டுப்போச்சு டீச்சர். யார்கிட்டயாவது சொல்லணுமில்ல."

கருவி இன்றும் அந்த வரிக்குக் கோபம், 96 என்றே காட்டுகிறது. குடை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஒரு கம்பி வளைந்திருக்கிறது.